நாற்பது கடந்த ‘திரில்லர்’

2022 நவம்பரோடு மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ வெளியாகி 40 ஆண்டு நிறைந்தது. அண்ணன் வைத்திருந்த கேசட்டில்தான் அதை முதலில் கேட்டேன். நாடா தேய்ந்து குரல் இழுக்கும் வரை விடவில்லை. இன்றும் ‘பில்லி ஜீன்’ தொடக்கத்தில் அந்த டிரம்ஸ் விழுந்தால் கால் சும்மா இருப்பதில்லை.

இப்பேர்ப்பட்ட இசைத்தட்டு முதலில் சொதப்பலாகத்தான் வந்தது. 1982இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில், வேலை முடிந்தது என்று எல்லாரும் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். ஒலியில் உயிரே இல்லை. ஜாக்சன் அழுதேவிட்டார். தட்டின் ஒரு பக்கத்தில் நிமிடங்கள் கூடக்கூட, ஊசி ஓடும் கோடுகளை நெருக்கி வெட்ட வேண்டும், ஒலி மெலிந்துவிடும். நடந்தது அதுதான். வெளியிட வேண்டிய நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ் அதை அப்படியே அனுப்பவில்லை. பாடல்களைச் சுருக்கி, நாளுக்கு ஒன்றாக மறுபடியும் ஒலிக்கலவை செய்தார்கள். ‘தி லேடி இன் மை லைஃப்’ பாட்டில் ஒரு சரணமே போய்விட்டது. அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

மிஞ்சியது 9 பாடல், 42 நிமிடம். அவற்றில் 7 பாடல்கள் அமெரிக்காவின் முதல் பத்து வரிசைக்குள் நுழைந்தன.

இந்த வாரம் பிள்ளைகளோடு உட்கார்ந்து, எந்தப் பாட்டையும் தாண்டாமல் முழுசாகக் கேட்கப்போகிறேன். அண்ணனிடம் அந்தக் கேசட் இன்னும் இருக்கிறதாம். போட்டுக் கேட்கத்தான் யார் வீட்டிலும் பிளேயர் இல்லை.