குப்பைக்குக் கணக்கு உண்டு, குழந்தைக்கு?

பால் கணக்கைக் காலண்டரில் குறித்து வைக்கிற இல்லத்தரசிகளுக்கு இந்த விஷயம் சட்டென்று புரியும்.

பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸில் ஒரு சட்டப் பேரவை இருக்கிறது. அங்கே விவாதித்து நிறைவேற்றிய இரண்டு மசோதாக்கள் 2010-இல் சட்டமாயின. ஒன்று வீட்டுக் குப்பைக்கு. இன்னொன்று குழந்தைகளின் வறுமைக்கு.

குப்பை விஷயத்தில் படு கறார்! 2012-13-க்குள் நூற்றுக்கு 52 பங்கு, 2019-20-க்குள் 64 பங்கு மறுபடி உபயோகத்துக்கு வந்தாக வேண்டும். தவறினால், குறைகிற ஒவ்வொரு டன்னுக்கும் உள்ளூர் மன்றத்துக்கு 200 பவுண்டு அபராதம் விதிக்கலாம். பலன்? மிச்சம் மீதி சாப்பாட்டுக்குத் தனிக் கூடை வந்தது. 2019-20-இல் 65 பங்கையே எட்டிவிட்டார்கள்!

குழந்தைகள் சட்டமோ, வறுமையை ஒழிக்கத் திட்டம் தீட்டுங்கள் என்றது. இத்தனை பங்கு, இந்த வருஷம், தவறினால் அபராதம் என்ற பேச்சே இல்லை. 2020-க்குள் ஒழிப்பதென்ற லட்சியத்தை அரசு 2016-இல் கைவிட்டது. இன்றும் அங்கே பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்று பேர் ஏழ்மையில்தான் வளர்கிறார்கள்.

குப்பையைப் பிரிப்பது போல வறுமையைப் போக்குவது லேசில்லைதான். குடும்பங்களுக்கான முக்கிய உதவித்தொகைகள் லண்டன் பார்லிமெண்டின் கையில் இருக்கின்றன. வாஸ்தவம். அதற்காக, குழந்தைக்குக் கணக்கே வைக்காமல் விடலாமா?

தாய்மார்களே, "குழந்தைகள் நலன் காப்போம்" என்று யாராவது ஓட்டுக் கேட்டு வந்தால் சும்மா தலையாட்டாதீர்கள். எத்தனை குழந்தைகளுக்கு, எந்த வருஷத்துக்குள், செய்யாவிட்டால் யார் பொறுப்பு? மூன்றையும் கேட்டு, காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.