புதுப் பூவை எமது மண்ணிலே சோதிப்போம்

காணி குறைந்தவர்களுக்குப் பூச்செய்கை நல்ல வழி என்று பலரும் கூறுகின்றனர். நாமும் அதை மறுக்கவில்லை. வீட்டோடு இருக்கும் முதியவரும் பார்க்கக்கூடிய தொழில் அது. கோயிலும் தேவாலயமும் திருமண வீடும் பூவைத் தேடுகின்றன. பாடசாலைகளும் விடுதிகளும் முற்றத்துக்கு அழகுச் செடிகள் வாங்குகின்றன. ஆனால் புது இனம் என்றதும் கடன்பட்டு நடுவதை நாம் ஏற்கமாட்டோம்.

அந்தூரியத்தை எடுத்துக்கொள்வோம். நிழலையும் ஈரக்காற்றையும் விரும்பும் செடி அது. 1821இல் தொடங்கப்பட்ட பேராதனைப் பூங்கா மகாவலிக் கரையில் இருக்கிறது. அங்கே செழிப்பது யாழ்ப்பாணத்து உவர்க் கிணற்று நீருக்கும் வன்னியின் கோடைக்கும் தாக்குப்பிடிக்கும் என்று எப்படி நம்புவது? கிடுகுப் பந்தல் போட்டு ஓயாமல் நீர் தெளித்தால் பிழைக்கலாம். அந்தச் செலவைப் பூ திருப்பித் தருமா?

கனகாம்பரத்திலும் இப்படித்தான். 'டெல்லி' என்ற இந்திய இனத்தின் பூ கண்ணைக் கவரும். ஆனால் அது விதை கட்டாது. தண்டு வெட்டியே பெருக்க வேண்டும். எமது பழைய கனகாம்பரம் விதை தரும். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவர்களுக்கு இந்த வேறுபாடு விளங்கும். விதையைச் சீலையில் முடிந்து கொண்டு போகலாம். தாய்ச்செடியை விட்டுப் போனால் இனமே கைவிட்டுப் போகும். இரவற் காணியில் இருப்பவர்கள் இதை முதலில் நினைக்க வேண்டும்.

எனவே புது இனத்தில் ஆறு செடி, பழையதில் ஆறு செடி போதும். ஒரே பாத்தியில் ஒன்றுவிட்டு ஒன்றாக நடுவோம். எருவும் நீரும் சமமாகக் கொடுப்போம். ஒரு மாரியும் ஒரு கோடையும் கழியட்டும். சோளகக் காற்றும் அடித்து ஓயட்டும். எத்தனை வாளி நீர் சென்றது, எத்தனை செடி வாடி இறந்தது, பறித்த பூ எவ்வளவு நேரம் வாடாமல் இருந்தது, சந்தையில் என்ன விலை போயிற்று என்பவற்றைப் பிள்ளைகளின் கொப்பியில் எழுதி வைப்போம். நிறத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

கன்று விநியோகிப்போரிடமும் ஒரு கோரிக்கை உண்டு. முதலில் எமது முற்றங்கள் சிலவற்றில் உங்கள் செலவில் நட்டுப் பாருங்கள். பட்டுப்போனவற்றின் கணக்கையும் எமக்குக் காட்டுங்கள். ஏற்கெனவே எல்லாவற்றையும் இழந்த குடும்பத்தின் தலையில் பரீட்சையின் நட்டத்தையும் சுமத்துவது நியாயமல்ல.