உறைக்குள் மறையும் துரு

1923ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2025ஆம் ஆண்டின் கொதிகலன் சட்டம் வந்துள்ள நிலையில், நீராவிக் குழாய்களின் வெப்பக்காப்பு உறைக்குள் மறைந்து வளரும் துருவைக் கண்காணிப்பது வெளிப்படையான, கட்டாயமான கடமையாக வேண்டும். பாலக்கோடு, கோபாலபுரம் கூட்டுறவு சர்க்கரை ஆலைகளைக் கொண்ட தருமபுரி மாவட்டத்துக்கு இது அயலான செய்தியன்று. வெப்பம் வீணாகாதிருக்கக் கண்ணாடி இழையும் அதன்மேல் உலோகத் தகடும் சுற்றப்பட்ட குழாய்களில், தகட்டு இணைப்புகளின் வழியே மழைநீர் புகுந்து தேங்கினால், ஏறத்தாழ 175 பாகை செல்சியசுக்குக் கீழே இயங்கும் கரிம எஃகு வெளிப்புறத்திலிருந்தே அரிக்கப்படுகிறது. கரும்புச்சாற்றைக் காய்ச்சும் குறைந்த அழுத்த நீராவி இந்த எல்லைக்குள்தான் அடங்குகிறது என்பதோடு, அரவை நின்று குழாய்கள் குளிர்ந்து கிடக்கும் மாதங்களில் அந்த ஈரம் எளிதில் உலர்வதுமில்லை. உறையின் மேலிருந்து காந்தத் துடிப்பைச் செலுத்தி, உலோகத்தில் எழும் சுழல் மின்னோட்டம் தணியும் வேகத்தைக் கொண்டு குழாய்ச் சுவரின் கனத்தை மதிப்பிடும் சோதனை உண்டு. ஆயினும் அது சராசரிக் கனத்தையே காட்டுமாதலால், சிறு குழிகள் அதன் கண்ணில் படாமல் போகக்கூடும். எனவே, தாழ்வான வளைவுகளிலும் தாங்கிகளின் அருகிலும் உறையைப் பிரித்து மீயொலிக் கருவியால் அளப்பதைத் தவிர்க்க முடியாது. பிரித்து மீண்டும் சுற்றும் செலவைக் காட்டி இதைத் தள்ளிப்போடுவதை ஏற்க இயலாது. அக்குழாய்களின் அடியில் நின்று உழைப்பவர்கள் தொழிலாளர்கள். அடுத்த அரவை தொடங்குமுன் இந்த அளவீடுகள் பதிவேட்டில் ஏறியிருப்பதை மாநிலக் கொதிகலன் ஆய்வுத் துறை உறுதிசெய்ய வேண்டும்.