ஒரு வெற்றி குறைச்சல்

மைக் லீச் சட்டம் படித்தவர். கல்லூரிக் கால்பந்து அணியில் ஆடியதே இல்லை. 1989இல் அயோவாவின் சிறு கல்லூரி ஒன்றில் தலைமைப் பயிற்சியாளர் ஹால் மம்மியிடம் தாக்குதல் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பந்தை இறுக்கிக்கொண்டு முட்டி மோதுவதே அமெரிக்கக் கால்பந்தில் வீரம் என்றிருந்த காலத்தில், இருவரும் எறியச் சொன்னார்கள், எறிந்துகொண்டே இருக்கச் சொன்னார்கள். திட்டங்கள் கொஞ்சம்தான், அவற்றையே சலிக்கச் சலிக்கப் பழக்கினார்கள். அந்த ‘ஏர் ரெய்ட்’ பாணியின் சாயல் இல்லாத அணி இன்று அபூர்வம். பிறகு கென்டக்கி, ஓக்லஹோமா பல்கலைக்கழக அணிகள். டெக்சாஸ் டெக்கின் தலைமைப் பயிற்சியாளராக, பெரிய பல்கலைக்கழகங்கள் அள்ளியதுபோக மிஞ்சிய வீரர்களோடு 2008இல் தரவரிசையில் முதலிடத்திலிருந்த டெக்சாஸ் பல்கலைக்கழக அணியையே வீழ்த்தினார். (மறுவருடம் ஒரு வீரரை நடத்திய விதம் பற்றிய புகாரில் வேலை போனது, அவர் சாதுவல்ல.) 2022இல் 61 வயதில் இறந்தபோது தலைமைப் பயிற்சியாளராக அவர் கணக்கு: 158 வெற்றி, 107 தோல்வி. கல்லூரிக் கால்பந்துப் புகழ்க்கூடத்தில் இடம்பெற அப்போது 60 சதவீத வெற்றி வேண்டியிருந்தது. ஒரே ஒரு தோல்வி வெற்றியாகியிருந்தால் போதும். 2025இல் வரம்பை 59.5 ஆக்கினார்கள், 2027 முதல் அமலாம். அரை சதவீதம் குறைத்ததற்கு விதியையே தூக்கியெறிந்திருக்கலாம். ஏற்கெனவே பலமான அணியில் உட்கார்ந்தவருக்குச் சாதகமான கணக்கு அது.