மலிவு டிக்கெட்டின் விலை

சென்ற கோடை விடுமுறையில் ஜெர்மனி தேசத்தில் ஒரு நகரத்திலிருந்து மற்றொரு நகரத்துக்கு நாம் ரயிலில் பிரயாணம் செய்துகொண்டிருந்தோம். எதிர் ஆசனத்தில் வயதான அம்மையார் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பேச்சுவாக்கில் டிக்கெட் விலையைப் பற்றிய பிரஸ்தாபம் வந்தது. அவர் கொடுத்த தொகை நாம் கொடுத்ததைப்போல் மூன்று மடங்குக்கு மேல்! அதே வண்டி, அதே வகுப்பு, அதே ஜன்னல். நாம் இரண்டு மாதத்துக்கு முன்பே டிக்கெட் வாங்கியிருந்தோம். அவர் அன்று காலையில்தான் வாங்கினாராம். நமது சாமர்த்தியத்தை எண்ணி ஒரு நிமிஷம் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமை எப்படிக் கரைந்தது என்பதைப் பிறகு சொல்லுகிறோம். முதலில் இந்த வியாபாரத்தின் சூட்சுமத்தைத் தெரிந்துகொள்வோம்.

காய்கறிக் கடைக்காரன் காலையில் விலை கூட்டிச் சொல்லுவான். அந்தி சாய்ந்தால், சரக்கு வாடிப் போகுமே என்று வந்த விலைக்குக் கொடுத்துவிடுவான். ரயிலில் உள்ள காலி ஆசனமும் வாடிப் போகிற சரக்குத்தான். வண்டி நகர்ந்துவிட்டால் அது காலணா பெறாது. ஆனால் ரயில்காரர்கள் கடைக்காரனுக்கு நேர் மாறாக நடக்கிறார்கள். ஆரம்பத்தில் மலிவு, புறப்படும் நாள் நெருங்க நெருங்க விலை ஏறிக்கொண்டே போகும். கடைசி நேரத்தில் ஓடி வருகிறவன் அவசியத்துக்காக வருகிறான், கேட்டதைக் கொடுத்தே தீருவான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்த வித்தையை முதலில் கைக்கொண்டவர்கள் அமெரிக்க விமானக் கம்பெனிக்காரர்கள். பிரெஞ்சு ரயில்வே 1993-ல், ஓர் அமெரிக்க விமானக் கம்பெனியின் கணினி ஏற்பாட்டைத் தழுவி, ‘ஸோக்ரத்’ என்னும் முறையைப் புகுத்தியது. அதற்கு முன் பெரும்பாலும் கிலோமீட்டர் கணக்கில் கட்டணம் செலுத்திப் பழகிய ஜனங்கள் பெரிய கூச்சல் போட்டார்கள். கூச்சல் அடங்கியது, முறை நிலைத்தது. இன்று ஜெர்மனியில் ‘ஷ்பார்ப்ரைஸ்’ என்றும், ஆஸ்திரியாவில் ‘ஷ்பார்ஷீனே’ என்றும், இத்தாலியில் ‘ஸூப்பர் எகானமி’ என்றும் இதற்குப் பெயர். எந்தப் பெயரானாலும், ஒவ்வொரு வண்டியிலும் மலிவு இடங்கள் அளவாகவே உண்டு. அவை தீர்ந்தால் அடுத்த படி விலை.

ஐரோப்பாவுக்குப் போகும் நேயர்கள் சில விஷயங்களைக் கவனிப்பது நலம். வெள்ளிக்கிழமை மாலையையும் ஞாயிற்றுக்கிழமை மாலையையும் விலக்கி, வாரத்தின் நடுவில் பகல் வண்டியைப் பாருங்கள். ஒரே தடத்தில் போட்டிக் கம்பெனிகள் ஓடுகின்றனவா என்றும் விசாரியுங்கள். மாட்ரிட்டுக்கும் பார்ஸிலோனாவுக்கும் இடையே 2021 முதல் போட்டி வண்டிகள் வந்த பிறகு பிரயாணிகளுக்கு யோகம்தான். ஆனால் சிறு ஊர்களில் நின்று போகும் உள்ளூர் வண்டிகளுக்கு அநேகமாக நிலையான கட்டணமே. அவற்றுக்கு முன்கூட்டி வாங்கி ஆகப்போவது ஒன்றுமில்லை.

மலிவு டிக்கெட்டுக்கு ஒரு விலங்கு உண்டு. குறித்த வண்டியில்தான் ஏறலாம்; தவறவிட்டால் போன பணம் போனதுதான். எல்லாவற்றிலும் மலிவானதைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. ஆகவே, வழியில் வண்டி மாற வேண்டியிருந்தால், இரு துண்டுகளாக வாங்காமல் முழுத் தூரத்துக்கும் ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். 2023 ஜூன் முதல் அமலில் உள்ள ஐரோப்பியச் சட்டப்படி, போய்ச் சேருவதற்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்றால், பணத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது வேறு வண்டியில் பிரயாணத்தைத் தொடரலாம். தொடர்ந்து சென்றவர்களுக்கு, ஒரு மணி தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 சதவிகிதமும், இரண்டு மணிக்கு 50 சதவிகிதமும் நஷ்டஈடு உண்டு; புயல் வெள்ளம் போன்றவற்றுக்கு விலக்கு. தனித்தனி டிக்கெட் வாங்கியவரை, முதல் வண்டி தாமதித்ததற்காக இரண்டாவது வண்டிக்காரர் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பத்து யூரோ மிச்சம் பிடிக்கப் பார்த்து, வழியிலே நின்று, நூறு யூரோவுக்குப் புது டிக்கெட் வாங்கும்படி ஆகலாம்.

இனி, அந்த அம்மையாரின் விஷயம். அவருடைய தங்கை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாராம். நிலைமை மோசம் என்று முந்திய இரவுதான் செய்தி வந்ததாம். வியாதி இரண்டு மாதத்துக்கு முன்பே கடிதம் போட்டுவிட்டா வருகிறது? விடுமுறைக்கு ஊர் சுற்றப் போன நமக்கு மலிவு. உடன்பிறந்தவளைக் கடைசியாகப் பார்க்கப் போன அவருக்கு மும்மடங்கு. ‘திட்டமிட்டு நடப்பவனுக்குப் பரிசு’ என்று ரயில்காரர்கள் சொல்லக்கூடும். திட்டமிடுவதற்கும் வாழ்க்கை இடம் கொடுக்க வேண்டுமே! நம் நாட்டிலும் 2016-ல் ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில், இடங்கள் நிரம்ப நிரம்பக் கட்டணம் ஏறும் முறை புகுந்தது. ஆகையால் இது அயல்நாட்டு வேடிக்கை என்று தள்ளிவிடுவதற்கில்லை.

மலிவாகக் கிடைப்பதை வாங்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அடுத்த முறையும் முன்கூட்டியேதான் வாங்குவோம். ஆயினும், இறங்க வேண்டிய ஸ்டேஷனில் அந்த அம்மையாரின் பெட்டியை இறக்கிக் கொடுத்தபோது, அவர் நமக்கு இருமுறை நன்றி சொன்னார். நாம் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பங்கு அவருடைய பையிலிருந்து வந்ததோ என்ற நினைவில், நமக்கு வாயெடுத்துப் பதில் சொல்ல முடியவில்லை.