ஆலை இல்லாத ஊரில் தொழிலாளரா?

யாழ்ப்பாணத்தில் ஆலையே இல்லையாம். பிறகு தொழிற்சங்கத் தலைமைப் பயிற்சி யாருக்கு என்று சிலர் கேட்கிறார்கள். இங்கே இருந்த காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையை 1990இல் நிறுத்தியது போர், சங்கமல்ல. ஆலை கிடக்கட்டும். கள் சீவும் தொழிலாளர் 1970களிலேயே கூட்டுறவுச் சங்கமாகத் திரண்டார்களே, எந்த ஆலைக்குள்?

புடவைக்கடையில் நாள் முழுக்கக் கால்கடுக்க நிற்கும் பிள்ளைகளுக்கென்றே 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம் கட்டவேண்டும். அது கட்டப்படுகிறதா என்று பார்க்க அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? சங்கம் பதிய ஏழு பேர் போதும். கணக்கு வைக்கவும் முதலாளியோடு பேசவும் அந்த ஏழு பேர் பழகவேண்டாமா?

தொழிலாளர் நிலை பற்றிய ஆய்வும் வீணாம் என்கிறார்கள். கடைகடையாக ஏறி விசாரிக்காமல், இங்கே தொழிலாளர் பிரச்சினை இல்லையென்று இவர்களுக்கு எப்படித் தெரிந்தது?