வாகைப் பரிசில்

பரிசில் என்னுஞ் சொல் எம் தமிழ்ச் சிறப்பு வகுப்பில் நாள்தோறும் ஒலிக்கின்றது. பாணரும் பொருநரும் கூத்தரும் விறலியரும் வள்ளல்கள்பாற் சென்று, யானையும் தேரும் பொற்றாமரையும் பெற்று மீண்ட செய்திகளைக் குறிப்பேடுகளில் எழுதித் தேர்வுக்கென மனத்திற் பதித்து வைத்திருக்கின்றோம். தேர்வு முடிந்த பின்னர் அச்செய்திகளுக்கு நம் வாழ்விற் பயன் யாது என்று வினவுவார்க்கு ஒரு விடை கூற விரும்புகின்றேன். அவ்விடை சிலருக்கு நகைப்பை விளைக்கலாம், என்னை? யான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு விளையாட்டு.

நம் கல்லூரி விடுதியிற் சனிக்கிழமை இரவுகளில் மேசையொன்றைச் சூழ்ந்து ஐவர் அறுவர் அமர்ந்து நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். அது வீண்பேச்சு அன்று, கதையாட்டம். ஒருவர் கதைத்தலைவராக இருந்து, "இருள் சூழ்ந்தது; ஆற்றில் வெள்ளம் பெருகுகின்றது; அக்கரையில் ஒரு விளக்கு அசைகின்றது; நீவிர் என் செய்வீர்?" என்று வினவுவார். ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, வீரனாகவோ வணிகனாகவோ மருத்துவனாகவோ நின்று விடையிறுப்பர். செயல் கைகூடுமோ கூடாதோ என்னும் ஐயம் எழுமிடத்துக் கவறு உருட்டப்படும். இவ்வகை ஆட்டத்தை 1974-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் பெயரால் நூலாக்கி வெளியிட்டனர். நம் தெருக்கூத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு யாதெனின், கூத்தில் அபிமன்யு வேடம் புனைந்தவன் தான் இறத்தலை அறிந்தே அரங்கேறுகின்றான். இங்கே முடிவை ஒருவரும் அறியார், கதைத்தலைவரும் அறியார்.

ஆட்டம் உளதாயின் பரிசும் உளதாதல் வேண்டும். மேற்கூறிய நூலின் பழைய பதிப்புக்களில், ஆடுவோன் குகையினின்றும் மீட்டுக் கொணர்ந்த பொற்காசு ஒன்றுக்குப் புள்ளி ஒன்று என்பது விதி. பகையைக் கொன்றார்க்கும் புள்ளி உண்டெனினும் பொன்னுக்குரியதே பெரிது. ஆதலின் ஆடுவோர் போரை விலக்கிப் பொன்னைக் கவரும் உபாயங்களில் வல்லுநராயினர். 1989-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பிற் பொன்னுக்குப் புள்ளி என்பது வேண்டுவார் கொள்ளும் விதியாக ஒதுக்கப்பட்டது. எதற்குப் புள்ளியோ அதனையே ஆடுவோர் நாடுவர் என்பதற்கு இவ்விதியின் வரலாறே சான்று.

எம் மேசையிலோ வீழ்த்திய பகைவரின் தொகையே கணக்கு. சென்ற பருவத்திற் பௌதிக வகுப்பின் முதலாண்டு மாணவர் ஒருவர் மருத்துவன் பாத்திரத்தை ஏற்று எம்முடன் ஆடினார். வகுப்பில் வாய் திறவாதவர் அவர். கதையிலே ஓர் ஊரிற் கொள்ளைநோய் பரவ, ஊர்த்தலைவன் நல்ல கிணற்றைப் பூட்டிவைத்திருந்தான். அம்மருத்துவர் அத்தலைவனோடு ஏறத்தாழ ஒருமணி நேரம் வாதாடி, அஞ்சியும் கெஞ்சியும் இறுதியிற் சினந்தும், கிணற்றைத் திறப்பித்தார். யாங்கள் மூச்சடக்கிக் கேட்டிருந்தோம். அன்றிரவு கணக்கெழுதும்பொழுது, வாயிலிற் காவலர் இருவரை வெட்டிய வாள்வீரர்க்கு இரண்டு புள்ளி. கிணறு திறப்பித்த மருத்துவர்க்கு ஒன்றுமில்லை. அடுத்த சனிக்கிழமை அவர் செய்முறைக் குறிப்பேடு எழுதவேண்டும் என்று கூறி வாராதொழிந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்திலர்.

விளையாட்டுத்தானே என்று இதனைத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின் ஓர் இளைஞர் பல்லோர் நடுவே அஞ்சாது பேசுவதற்குக் கண்ட முதல் இடம் அம்மேசை என்பதையும், அவ்விடத்திலும் அவர்தம் பேச்சு கணக்கில் ஏறாது போயிற்று என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்விடத்தே ஒரு தடை எழும். கவறு உருட்டுவது சூதன்றோ, திருவள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்துக் கடிந்த தீமைக்கு மாணவர் பரிசுமுறை வகுப்பதோ என்று பெரியோர் சிலர் வினவுகின்றனர். சூதிலே வென்றான் பெறுவது தோற்றானுடைய பொருள். கதையாட்டத்திலோ ஒருவன் பெறுவதற்கு மற்றொருவன் இழப்பதில்லை. இவ்வளவே வேறுபாடு, எனினும் இதுவே போதும். பரமபத சோபானத்திலும் கவறு உண்டு. அதனைப் பாட்டிமார் திருவிழா இரவுகளில் ஆடியபொழுது ஒருவரும் சூதென்றிலர். அவ்வாட்டத்தில் எனக்குள்ள குறை வேறு. ஏணி நற்குணத்தின் பெயரால் நிற்கின்றது. ஆனால் அதில் ஏறுபவன் நற்குணம் ஒன்றும் செய்திலன், கவறு அவனை அங்கே கொண்டு வைத்தது.

இனிச் சங்கப் புலவரிடம் வருவோம். அதியமான் நெடுமான் அஞ்சியை நாடிச் சென்ற பெருஞ்சித்திரனாரை அவன் நேரிற் காணாமலே, 'இதனைப் பெற்றுச் செல்க' என்று பரிசிலை அனுப்பினான். புலவர் அதனைக் கொண்டிலர். தம்மைக் காணாது, தம் புலமையை அளந்தறியாது கொடுத்த பொருளைப் பெறுதற்குத் தாம் வாணிகர் அல்லர் என்றும், தகுதி அறிந்து கொடுப்பின் தினையளவே ஆயினும் இனிதென்றும் பாடினார். புறநானூற்றில் 208-ஆம் பாட்டு அது. அதியமான் கருமி அல்லன். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த வள்ளல். ஆகவே புலவர் மறுத்தது பொருளின் சிறுமையை அன்று, காணாமையை. எம் மேசையின் மருத்துவர் எழுந்து போனதும் இக்காரணத்தினால் என்றே யான் கருதுகின்றேன்.

இக்கருத்துக்கு மேனாட்டு உளநூலார் செய்த ஆய்வொன்றும் துணை நிற்கின்றது. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் மூவர், படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுடைய மழலைப்பள்ளிச் சிறாரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவாருக்கு, வரைந்தால் 'நல்ல ஆட்டக்காரர்' என்னும் நற்சான்றிதழ் கிடைக்கும் என்று முன்னரே கூறினர். மற்றொரு பிரிவாருக்கு முன்னறிவிப்பின்றி வரைந்த பின்னர் அதனையே கொடுத்தனர். மூன்றாமவர்க்கு ஒன்றும் இல்லை. சின்னாள் கழித்துப் பார்த்தபொழுது, பரிசை எதிர்நோக்கி வரைந்த சிறார் ஏனையோர் செலவிட்ட பொழுதில் ஏறத்தாழப் பாதியே வரைதலிற் செலவிட்டனர். எதிர்பாராது பெற்றவரிடம் அத்தகைய குறைவு காணப்படவில்லை. முன்னரே விலை பேசிய பரிசு விருப்பத்தைக் கூலியாக்கி விடுகின்றது போலும்! பெருஞ்சித்திரனார் வாணிகம் என்ற சொல்லை எடுத்தாண்டது எத்துணைப் பொருத்தம்!

அங்ஙனமாயின் கதைத்தலைவர் யாது கொடுப்பது? பொன்னும் வாளும் கொடுத்துக்கொண்டே இருப்பின் அவற்றால் விளையும் இடர் பெரிது. வாள் வலியதாக, அதற்கேற்ற பூதமும் பெரியதாக வேண்டும். பூதம் பெரியதாகவே இன்னும் வலிய வாள் வேண்டும். இஃது எங்கே சென்று முடியும்? வள்ளல்கள் பொருளேயன்றிப் பிறவும் கொடுத்தனர் என்பதை நாம் மறந்துவிட்டோம். முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையிற் கரிகாலன், விடைபெறும் பொருநனுக்குத் தேர் கொடுத்ததோடு அமையாது, காலால் நடந்து ஏழடி அவன்பின் செல்கின்றான். தேரை மறந்தாலும் அவ்வேழடியைப் பொருநன் மறப்பனோ? மோசிகீரனார் அறியாமல் முரசுகட்டிலில் ஏறித் துயின்றபொழுது, வாளால் வெட்டுதற்குரிய பெருஞ்சேரல் இரும்பொறை கவரி கொண்டு வீசி நின்றான். செலவில்லாத பரிசில், ஆயின் இருபது நூற்றாண்டாகப் பேசப்படுகின்றது. கதையாட்டத்தில் இதனைச் செய்தல் எத்துணை எளிது! கொடிய மன்னன் ஒருவன் மருத்துவனைக் கண்டதும் அரியணையினின்றும் எழுந்து நின்றான் என்று கதைத்தலைவர் கூறுவாராயின், அது நூறு புள்ளிக்கு மேலாம்.

ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே ஒரு பரிசுமுறை என்பேன். முன்பு பரிசில் பெற்றவன் வழியில் எதிர்ப்பட்டவனுக்கு வழி கூறுகின்றான். எவ்வூரில் யார் உணவிடுவர், எக்காட்டில் எவ்விடம் அஞ்சத்தக்கது என்றெல்லாம் விரிக்கின்றான். அறிவே பரிசிலாகின்றது. கிணறு திறக்கப்பெற்ற ஊரின் மூதாட்டி ஒருத்தி, மலைமேல் ஒருவரும் அறியாத வழியொன்றை மருத்துவனுக்கு மட்டும் சொல்லக்கூடாதா? அடுத்த வாரம் அவ்வழியே அனைவரையும் அவர் நடத்திச் செல்வாரே! பரிசு பெற்றவர் மேலும் பொறுப்பேற்கின்றார். விவிலியத்துத் தாலந்து உவமையிலும் உண்மையாய் உழைத்த ஊழியக்காரன் பெற்றது ஓய்வன்று, மேலும் பெரிய காரியங்களின்மேல் அதிகாரம் என்பதை நம் மாணவர் அறிவர்.

பட்டமும் பழைய வழக்கே. படைத்தலைவர்க்கு ஏனாதி, வணிகர்க்கு எட்டி, உழுவித்துண்பாருட் சிறந்தார்க்குக் காவிதி எனப் பெயர் கொடுத்து, அதற்கு அடையாளமாக மோதிரமோ பொற்பூவோ அளித்தனர். சிலப்பதிகாரத்தில் மாதவி அரங்கேறி 1008 கழஞ்சு பொன்னும் பச்சைமாலையும் பெற்றாள். ஆயினும் அவள் அடைந்த தலைக்கோல் என்னும் பெருமையே என் உள்ளத்தைக் கவர்வது. அக்கோல் யாது? போரிற் புறங்கொடுத்த மன்னனுடைய வெண்கொற்றக் குடையின் காம்பு. கணுக்களில் மணி இழைத்துப் பொற்றகடு பொதிந்தது. ஒரு வீரன் களத்தில் வென்ற பொருள் ஓர் ஆடன்மகளின் சிறப்புக்கு அடையாளமாயிற்று. இங்ஙனம் வரலாறுடைய பொருளொன்றைக் கதையிற் பெறுதல் வெறும் பொன் பெறுவதினும் இனிதன்றோ?

இனி என் ஊரைப்பற்றிச் சிறிது கூறப் பொறுத்தருள்க. பெரம்பலூர் மாவட்டத்திற் பச்சைமலை அடிவாரத்தில் அமைந்த அரும்பாவூர், மரச்சிற்பத்தாற் பெயர்பெற்றது. கொட்டாப்புளியின் ஓசையின்றி எங்கள் தெருவிற் பொழுது விடிவதில்லை. திருத்தேர்களுக்குரிய உருவங்களும் வாகனங்களும் அங்கே செதுக்கப்படுகின்றன. 2020-ஆம் ஆண்டில் அச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சிற்பிகள் மாவும் வேம்பும் பிறவும் கொள்வரெனினும், முதன்மையாகக் கூறத்தக்க மரங்களுள் ஒன்று வாகை.

வாகை! வென்றோர் சூடும் பூ எதுவோ அதன் மரத்தையே எங்கள் ஊரார் செதுக்குகின்றனர். புறப்பொருள் வெண்பாமாலையிற் பகைவென்று வாகை சூடி ஆர்த்தலே வாகைத்திணை. தொல்காப்பியரோ இன்னும் அகன்ற பொருள் கூறினார்: அவரவர் தத்தமக்குரிய கூறுபாட்டிற் சிறந்து மேம்படுதலே வாகை. ஆகவே அரசர்க்கேயன்றி ஓதுவார்க்கும் அறிவர்க்கும் தவத்தோர்க்கும் பொருநர்க்கும் அத்திணையில் இடம் உண்டு. பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்துக்கு இதனினும் ஏற்ற பரிசுவிதியை எவரே வகுக்கவல்லார்? வாள்வீரன் வாளாலும், மருத்துவன் மருந்தாலும், வணிகன் நாவாலும் வாகை பெறுக. (குறுந்தொகைப் புலவர் ஒருவர் காற்றில் ஒலிக்கும் வாகை நெற்றுக்குக் கயிற்றிலாடும் கூத்தரின் பறையை உவமை கூறினார். ஆடுவோர்க்கும் அம்மரத்துக்கும் அன்றே உறவு உண்டு போலும்.)

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு, பாத்திரத்தின் இயல்பறிந்து ஆடுவோர்க்கு 'ஊக்கம்' என்னும் பரிசு ஒன்றை வகுத்தது. அதனை உடையார், இருபது முகக் கவற்றை இருமுறை உருட்டி உயர்ந்த எண்ணைக் கொள்ளலாம். வேண்டின், நன்கு ஆடிய தோழர்க்குக் கொடுத்துவிடவும் செய்யலாம். பெற்ற செல்வத்தை எல்லோர்க்கும் கொடுவென்று மனைவிக்குச் சொன்ன பெருஞ்சித்திரனார் இவ்விதியைக் கண்டிருப்பின் மகிழ்ந்திருப்பார். இவ்வூக்கத்தைக் கண்ணாற் காணவும் கையாற் பிடிக்கவும் கூடிய ஒரு பொருளாக்குவதே யான் கூறும் வழி. விடுமுறையில் ஊருக்குச் சென்றபொழுது, சிற்பப்பட்டறையொன்றில் எஞ்சிய வாகைத்துண்டுகளில் அரைக்கை அகலமுள்ள வில்லைகள் ஆறு செதுக்கித் தருமாறு வேண்டினேன். ஒவ்வொன்றிலும் ஒரு வாகைப்பூ. சிற்பியார் கூலி வேண்டா என்றார். யான் கொடுத்தே பெற்றேன். புவிசார் குறியீடு பெற்ற தொழிலைப் புகழ்ந்துவிட்டு அதன் உழைப்பை இனாமாகக் கேட்கும் வழக்கம் நம்மிடையே மிகுதி.

இப்பொழுது எம் மேசையில் வில்லை கொடுப்பதற்கு முன்னறிவிப்பு இல்லை. இன்னதற்கு இவ்வளவு என்னும் அட்டவணையும் இல்லை. கதைத்தலைவர் மட்டுமன்றி ஆடுவோரும் ஒருவர்க்கொருவர் கொடுக்கலாம்; கொடுப்பவர் எதனைக் கண்டு கொடுக்கின்றார் என்பதை ஒரு சொல்லேனும் கூறுதல் வேண்டும் என்பது ஒன்றே விதி. இதனாற் சார்பு நுழையாதோ என்று வாள்வீரர் கேட்டார். நுழையலாம், ஆயினும் காரணத்தைப் பலர்முன் சொல்லவேண்டியிருப்பதாற் சார்புக்கு நாணம் உண்டாகின்றது. பௌதிக மாணவரை யாங்கள் மீண்டும் அழைத்தோம். முதல் வில்லையை அவர்முன் வைத்தவர் அவ்வாள்வீரரே, "கிணற்றுக்காக" என்றார். அவர் அதனை அன்றிரவு செலவிடவில்லை.

ஒரு வினா மட்டும் எம்முள் இன்னும் தீர்ந்திலது. கதை முடிந்த பின்னர் வில்லைகள் மேசைக்கே திரும்புதல் வேண்டும், அடுத்து ஆடுவார்க்குப் பயன்படும் என்பர் மூவர். பெற்றவரே வைத்துக்கொள்க என்பது என் கட்சி. ஆறு வில்லை தீர்ந்தால் மேலும் ஆறு செதுக்குவித்தல் அரிதன்று. அரும்பாவூரில் வாகைக்குப் பஞ்சமில்லை.